காசோலைக்குப் பிறகு தொடங்கும் வழக்கு

பட்டாசு ஆலையில் வெடி விபத்து நடந்த மறுநாள் சிவகாசியிலோ சாத்தூரிலோ அரசு மருத்துவமனைப் பிணவறைக்கு வெளியே ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். ஒரு பக்கம் உடலை வாங்க மாட்டோம் என்று உட்கார்ந்திருக்கும் உறவினர்கள், மறுபக்கம் ஆலைத் தரப்பு ஆட்கள். நடுவில் வருவாய்த் துறை அதிகாரிகள், போலீஸ், ஊர்ப் பெரியவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள். தொகை பேசி முடிந்ததும் ஒரு காசோலையும் இறுதிச் சடங்குக்கு ரொக்கமும் கைமாறும். உடல் ஆம்புலன்ஸில் ஏறும். அரசின் நிவாரணம் தனியாக அறிவிக்கப்படும். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது 3 லட்சம் ரூபாய். செய்தித்தாள்கள் அத்தோடு அந்த ஊரை விட்டு நகர்ந்துவிடும். சட்டத்தின் கணக்கில் வழக்கு அப்போதுதான் தொடங்குகிறது.

அந்தக் காசோலையைப் பற்றிச் சட்டம் சொல்வது பலருக்குத் தெரியாது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி, வேலையில் இறந்தவருக்கான இழப்பீட்டை முதலாளி வாரிசுகளின் கையில் நேரடியாகக் கொடுத்துத் தீர்க்க முடியாது. தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் அதைக் கட்ட வேண்டும். யார் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பவர் ஆணையர். நேரடியாகக் கொடுத்த பணம் இழப்பீடாகவே எண்ணப்படாது. மூன்று மாதக் கூலி அளவுக்கான முன்பணத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்கிறது 17-ஆம் பிரிவு. ‘இனி எங்களுக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு விதவை அந்த நேரத்தில் கைநாட்டு வைத்திருந்தாலும், மறுநாள் அவர் ஆணையரின் கதவைத் தட்டலாம்.

1922-இல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்ற அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊர் திரும்பி 1923-இல் சிவகாசியில் அந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். தொழிலும் அதன் விபத்துக்கான சட்டமும் ஒரே ஆண்டில் பிறந்தவை. தொழில் தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கும் அச்சகத்துக்கும் வளர்ந்து நாட்டின் தீபாவளியையே தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்பதையே முழுநேரத் தொழிலாகக் கொண்ட வக்கீல் கூட்டம் ஒன்று இங்கே வளரவில்லை. வளராததற்குக் காரணம் உண்டு. அது வக்கீல்களின் குணத்தில் இல்லை. தொழில் விதிகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் விபத்துக் காயத்துக்கு வழக்கு நடத்துவது தனியொரு தொழில்துறை. நெடுஞ்சாலை ஓரப் பலகைகளில் வக்கீலின் முகமும் தொலைபேசி எண்ணும் தெரியும். 1977-இல் அரிசோனா மாநில வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வக்கீல்கள் விளம்பரம் செய்ய அனுமதித்த பிறகு அது பெருகியது. ஜெயித்தால் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு, பெரும்பாலும் மூன்றில் ஒன்று, கூலி. தோற்றால் கூலியே இல்லை. போபாலில் 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்த சில நாள்களிலேயே அமெரிக்க வக்கீல்கள் விமானம் ஏறி வந்து, வாக்காலத்தில் கைநாட்டு வாங்கியது இந்தக் கூலிமுறையின் விளைவுதான். அதை அருவருப்போடு பார்த்த இந்திய அரசு, 1985-இல் தனிச்சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட அனைவரின் சார்பிலும் வழக்காடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. 1989 பிப்ரவரியில் 47 கோடி டாலருக்கு அந்த வழக்கு தீர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டவர்களின் ஒப்புதலை யாரும் கேட்கவில்லை. வக்கீலின் பேராசையை நீக்கிவிட்டால் நியாயம் தானாக வந்துவிடும் என்பது போபாலிலேயே பொய்த்துப் போனது.

இந்திய வக்கீலுக்கு இரண்டு கதவுகளும் அடைபட்டவை. பார் கவுன்சில் விதிகளின் 36-ஆம் விதி விளம்பரத்தையும் கட்சிக்காரரைத் தேடிப் போவதையும் தடுக்கிறது. 20-ஆம் விதி வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் தடுக்கிறது. இந்தத் தடை புதிதல்ல. 1954-இலேயே உச்ச நீதிமன்றம் அப்படிப் பங்கு பேசிய ஒரு மூத்த வக்கீலின் நடத்தையைத் தொழில் ஒழுங்கீனம் என்றது. 2017 டிசம்பரில் தெலங்கானாவிலிருந்து வந்த வழக்கு இன்னும் நெருக்கமானது. சாலை விபத்தில் கணவரை இழந்த பெண்ணிடம், கிடைத்த இழப்பீட்டின் அளவைக் காட்டி அவருடைய வக்கீலே மேலும் ஃபீஸ் கேட்டார்; அதற்குக் காசோலை வாங்கி, அது திரும்பியதும் குற்ற வழக்கும் போட்டார். நீதிபதி ஆதர்ஷ் குமார் கோயல் எழுதிய தீர்ப்பு அந்தக் கோரிக்கையைப் பொது நெறிக்கு எதிரானது என்று ஒதுக்கியது.

தடை நியாயமானது என்பதில் சந்தேகம் வேண்டாம். கருகிய உடலுக்குப் பக்கத்தில் வாக்காலத்துத் தாளோடு யாரும் நிற்கக் கூடாது. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பிணவறை வாசலுக்கு ஆலைத் தரப்பு வருகிறது, அதிகாரி வருகிறார், போலீஸ் வருகிறது. பாதிக்கப்பட்டவருக்குச் சட்டம் தெரிந்த ஒருவர் மட்டும் அங்கே இருப்பதில்லை. முன்பணமாக ஃபீஸ் கொடுக்கக் கையில் காசில்லாத குடும்பத்துக்கு, கிடைக்கும் தொகையிலிருந்து பின்னால் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும் வக்கீல் விதியை மீறியவராகிறார். ஆகவே வருபவர்கள் இரண்டு வகை: விதியை மீறுபவர்கள், அல்லது ஃபீஸைப் பற்றிக் கவலைப்படாத சிலர்.

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு வக்கீல் விபத்து வழக்குக்குள் நுழையும் பாதை பெரும்பாலும் சாலை வழியாகத்தான். மதுரை அரசு சட்டக் கல்லூரி 1974 முதல் இந்தப் பகுதிக்கு வக்கீல்களைத் தந்து வருகிறது. படிப்பு முடிந்து சென்னையில் பார் கவுன்சிலில் பதிவு செய்து, சீனியர் ஒருவரிடம் ஜூனியராகச் சேர்ந்தால், முதல் சில ஆண்டுகள் வாய்தா வாங்குவதும் நகல் மனு போடுவதும்தான் வேலை. மாவட்டத் தலைநகர் விருதுநகர் என்றாலும் முதன்மை மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது; மேல்முறையீடு என்றால் 2004 ஜூலையில் திறக்கப்பட்ட உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. மதுரை–கன்னியாகுமரி நான்குவழிச் சாலை மாவட்டத்தை ஊடுருவிப் போவதால் மோட்டார் வாகன விபத்து வழக்குகளுக்குக் குறைவில்லை. இளம் வக்கீல் அங்கேதான் தொழில் கற்கிறார்: காயச் சான்றிதழைப் படிப்பது, ஊனச் சதவீதத்துக்காக டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது, இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீலின் குறுக்கு விசாரணையைத் தாங்குவது. அங்கே நிலைத்தவர்களில் சிலர் இன்சூரன்ஸ் கம்பெனிகளின் பேனலுக்குப் போய்விடுகிறார்கள். மாதம் தவறாமல் பில் போடலாம், கட்சிக்காரரின் கண்ணீரைப் பார்க்க வேண்டியதில்லை. தொழிலின் திறமை இப்படி மெல்ல மறுபக்கம் சாய்வது கவலைக்குரியது.

சாலையில் இறப்பதற்கும் ஆலையில் இறப்பதற்கும் சட்டம் வைத்திருக்கும் வித்தியாசத்தை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 35 வயது, மாதம் 12,000 ரூபாய் கூலி, மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அவரை நம்பி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் வேலைக்குப் போகும் வழியில் லாரி மோதி இறந்தால், உச்ச நீதிமன்றம் 2009-இல் சரளா வர்மா வழக்கிலும் 2017-இல் பிரணய் சேத்தி வழக்கிலும் வகுத்த முறைப்படி, எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி, சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒன்றைக் கழித்து, 16-ஆல் பெருக்க வேண்டும். வருவது 21,50,400 ரூபாய். இறுதிச் சடங்கு, துணை இழப்பு போன்றவற்றுக்கான தொகை இதற்கு மேல். அதே மனிதர் மருந்துக் கலவை அறையில் கருகி இறந்தால், இழப்பீட்டுச் சட்டத்தின்படி கூலியில் பாதியை, அதாவது 6,000 ரூபாயை, 35 வயதுக்குரிய 197.06-ஆல் பெருக்க வேண்டும். வருவது 11,82,360 ரூபாய்.

ஏறக்குறைய 10 லட்ச ரூபாய் வித்தியாசம். இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள்: சாலை வழக்கில் ஓட்டுநரின் கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும், ஆலை வழக்கில் முதலாளியின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை, வேலையின்போது வேலை காரணமாக நடந்த விபத்து என்றாலே போதும். மரணமோ நிரந்தர முழு ஊனமோ ஏற்பட்டுவிட்டால், தொழிலாளி விதியை மீறினார் என்ற சாக்கைக்கூட முதலாளி சொல்ல முடியாது. இது பெரிய வசதிதான், மறுக்க முடியாது. ஆனால் சாலைக் கணக்கில் வருமானத்துக்கு உச்சவரம்பு இல்லை. ஆலைக் கணக்கில் உண்டு. 2010 மே மாதம் முதல் அந்த வரம்பு 8,000 ரூபாய். விலைவாசியும் கூலியும் ஏறிக்கொண்டே இருக்க, 2020 ஜனவரி 3 வரை அது அப்படியே நின்றது. அதன் பிறகு 15,000. ஆக, 2012-இல் இறந்த 35 வயதுக்காரர் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் அவருடைய உயிருக்கு இந்தச் சட்டம் வைத்த உச்சம் 7,88,240 ரூபாய்.

காயம்பட்டவரின் வழக்கு இன்னும் கடினமானது. சட்டத்தின் முதல் அட்டவணை உடலை உறுப்பு உறுப்பாகப் பிரித்து விலை போட்டிருக்கிறது: கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7. முகம் மிகக் கடுமையாகச் சிதைந்தாலோ காது முற்றிலும் கேட்காமல் போனாலோ 100. தீக்காயத்தில் விரல்கள் ஒட்டிக்கொள்வதும், கழுத்துத் தோல் இறுகித் தலை திரும்பாமல் போவதும், வெயிலில் நிற்க முடியாமல் தோல் எரிவதும் அந்த விரல் கணக்கில் இல்லை. அவற்றுக்கு டாக்டர் ஒருவர் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட வேண்டும். திரி கட்டுகிற, சரம் பின்னுகிற கைக்கு இரண்டு விரல் மடங்காமல் போவது தொழிலே போவதுதான் என்பதை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

அதற்கு வக்கீலின் கையில் இருக்கும் ஆயுதம் 1976-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. கட்டடத்தில் தவறி விழுந்து இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவரின் வழக்கு அது. அட்டவணைப்படிதான் கொடுப்பேன் என்றார் முதலாளி. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே இழப்பு முழுமையானது என்று ஆணையர் முடிவு செய்ததை நான்கு நீதிபதிகள் கொண்ட அமர்வு உறுதி செய்தது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது, ஆணையரின் உத்தரவு வரும்வரை காத்திருப்பதில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணமில்லாமல் தாமதித்தால் தொகையில் பாதி வரை அபராதம். வட்டியை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்க வேண்டும், அபராதத்தை முதலாளி தன் பையிலிருந்தே கட்ட வேண்டும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. அபராதம் கேட்காமல் மனுப் போடும் வக்கீல் தன் கட்சிக்காரருக்குப் பாதிப் போரை இழந்து கொடுக்கிறார்.

பட்டாசு வட்டாரத்தில் வழக்கு பெரும்பாலும் சட்டத்தில் தோற்பதில்லை, சாட்சியத்தில் தோற்கிறது. இறந்தவர் அந்த ஆலையில்தான் வேலை செய்தார் என்பதற்கு என்ன அத்தாட்சி? கூலி எண்ணிக்கைக் கணக்கில் வாரக் கடைசியில் கையில் கொடுக்கப்படுகிறது. வருகைப் பதிவேடு அறையோடு எரிந்துவிட்டது என்பார்கள். கூடவே வேலை பார்த்தவர்கள் அடுத்த மாதம் அதே வட்டாரத்தில் வேலைக்குப் போக வேண்டியவர்கள். கூண்டில் ஏறத் தயங்குகிறார்கள். ஆலை யாருடையது என்ற கேள்விக்கும் நேரான விடை கிடையாது. உரிமம் ஒருவர் பெயரில், குத்தகை இன்னொருவரிடம், அறைக்கு அறை உள்குத்தகை வேறு சிலரிடம். 15 கிலோ வெடிமருந்து வரை மாவட்ட வருவாய் அலுவலர் தரும் டி.ஆர்.ஓ. லைசென்ஸ், அதற்கு மேல் மத்திய வெடிபொருள் துறை தரும் சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ் என்று உரிமம் தருபவரே மூன்று படிகளில் இருக்கிறார். ஒவ்வொரு படியும் பொறுப்பை அடுத்த படிக்குத் தள்ள இடம் தருகிறது.

சட்டம் இந்தத் தந்திரத்தை எதிர்பார்த்திருந்தது. தன் தொழிலின் ஒரு பகுதியை ஒப்பந்தக்காரரிடம் விட்டவர், அந்த ஒப்பந்தக்காரரின் ஆளுக்கும் தானே இழப்பீடு கொடுக்க வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. விபத்தில் மரணம் நேர்ந்தால் ஏழு நாளில் ஆணையருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். தகவல் கிடைத்ததும் ஆணையரே முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பி, பொறுப்பை ஏற்கிறாயா இல்லையா என்று 30 நாளில் பதில் கேட்கலாம். வக்கீல் இல்லாமல் தொழிற்சங்கப் பொறுப்பாளரே ஆஜராகலாம். இதை எழுதியவர்கள் ஏழை விதவைக்கு வக்கீலே தேவைப்படாத ஓர் ஏற்பாட்டைக் கற்பனை செய்திருக்கிறார்கள். ஆணையர் தானாக நகர்ந்தால் அந்த ஏற்பாடு வேலை செய்யும். நகராவிட்டால் விதவைதான் நகர்த்த வேண்டும்.

தேர்ந்த வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, “ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கா?” என்பதே. ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பொருந்தும் தொழிலாளி இழப்பீட்டு ஆணையரிடம் போக முடியாது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு வழியை அடைக்கிறது. பதிலாக, கூலியில் 90 சதவீத அளவுக்கு மாத உதவித்தொகை குடும்பத்துக்கு வரும். மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்தில் இரண்டு என்பது அடிப்படை அளவு, கூட்டுத்தொகை மிகுந்தால் அதற்கேற்பக் குறையும். பல குடும்பங்களுக்கு ஒரே தடவை வரும் பெரிய தொகையைவிட இது பாதுகாப்பானது. ஆலை சந்தா கட்டாமல் விட்டிருந்தாலும், கட்டியிருக்க வேண்டிய தொழிலாளி என்றால் அவர் காப்பீட்டுக்குள் இருப்பவரே. ஈ.எஸ்.ஐ. கழகம் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலிக்க 68-ஆம் பிரிவு வழி செய்கிறது. இரண்டு கதவுகளில் எது திறக்கும் என்று முதல் வாரத்திலேயே கண்டுகொள்ளாமல், தவறான இடத்தில் ஐந்து வருடம் வழக்காடித் திரும்பும் குடும்பத்தின் இழப்பை எந்த வட்டியும் ஈடுகட்டாது.

இந்த வட்டாரத்தின் பெயரைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றியவர் இங்கே பிறந்தவர் அல்ல. எம்.சி. மேத்தா ஜம்மு–காஷ்மீரின் ராஜௌரிப் பகுதிக் கிராமம் ஒன்றில் 1946-இல் பிறந்து, ஜம்முவில் சட்டம் படித்து, டெல்லிக்கு வந்து உச்ச நீதிமன்றத்தில் வக்கீலானவர். தாஜ்மஹாலை அரிக்கும் புகை, கங்கையில் கலக்கும் கழிவு என்று அவர் தொடுத்த வழக்குகள் அவரைச் சுற்றுச்சூழல் வக்கீலாக உலகுக்குக் காட்டின. 1997-இல் மகசேசே விருது வந்தது. ஆனால் அவருடைய மிகப் பெரிய சட்ட வெற்றி அடிப்படையில் ஒரு விபத்துக் காய வழக்கு. 1985 டிசம்பர் 4 அன்று டெல்லி ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் வாயு கசிந்து பலர் பாதிக்கப்பட்டார்கள். ஒரு வக்கீல் இறந்தார். ஓராண்டு கழித்துத் தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு அறிவித்த கோட்பாடு இது: ஆபத்தான தொழிலை லாபத்துக்காக நடத்துகிறவர், எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும், அதனால் விளையும் கேட்டுக்கு முழுப் பொறுப்பு, நிறுவனம் எவ்வளவு பெரியதோ அவ்வளவுக்கு இழப்பீடும் பெரிதாக வேண்டும். பழைய ஆங்கிலச் சட்டம் அனுமதித்திருந்த விலக்குகள் எதுவும் இதற்கு இல்லை. அதே தீர்ப்பில் அதிகம் பேசப்படாத ஓர் உத்தரவும் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர்கள் சார்பில் டெல்லி சட்ட உதவி வாரியமே இரண்டு மாதத்துக்குள் வழக்குகளைத் தொடுக்க வேண்டும் என்றது அது. சிவகாசிக்கு மிகவும் வேண்டியது அந்த உத்தரவின் வடிவம்தான்.

சிவகாசி குறித்து மேத்தா தொடுத்த ரிட் மனு 1986-ஆம் ஆண்டின் 465-ஆம் எண். 1985 இறுதியில் இங்கிருந்த 221 பதிவு பெற்ற தீப்பெட்டி ஆலைகளில் 27,338 பேர் வேலை செய்தார்கள், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்ற கணக்கு அந்த வழக்கில்தான் நீதிமன்றத்தின் முன் வந்தது. 1990-இல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 50,000 ரூபாய்க்குக் கட்டாயக் காப்பீடு வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அடுத்த ஆண்டே மீனம்பட்டியில் பெரும் விபத்து. இறந்தவர்கள் 39 பேர் என்று அரசு ஒப்புக்கொண்டது. செய்தியைப் பார்த்து நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. ஆர்.கே. ஜெயின், இந்திரா ஜெய்சிங், கே.சி. துவா என்ற மூன்று வக்கீல்களைச் சிவகாசிக்கு அனுப்பியது. அவர்கள் 1991 நவம்பரில் அறிக்கை கொடுத்தார்கள். 1996 டிசம்பர் 10 அன்று வந்த இறுதித் தீர்ப்பு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. இன்று பட்டாசு ஆலைகளில் குழந்தைகளைப் பார்ப்பது அரிதாகியிருப்பதில் இந்த வழக்குக்குப் பெரும் பங்கு உண்டு. விபத்தில் இறக்கும் பெரியவர்களின் வழக்குக்கு அப்படியொரு தொடர்ச்சி கிடைக்கவில்லை.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்தது வேறொரு ஓட்டையைக் காட்டியது. ஏறத்தாழ 40 பேர் இறந்த அந்த விபத்தில், முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடி வந்த பக்கத்து ஊர்க்காரர்கள் பலர் அடுத்த வெடிப்பில் சிக்கினார்கள். அவர்கள் யாருக்கும் தொழிலாளிகள் அல்லர். இழப்பீட்டு ஆணையரிடம் போக முடியாது. வெளியாருக்கென்று இருக்கும் 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் மரணத்துக்கு அன்று நிர்ணயித்திருந்த உடனடி நிவாரணம் 25,000 ரூபாய். அதற்கு மேல் வேண்டுமென்றால் 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டப்படி சிவில் கோர்ட்டில் கேட்க வேண்டும். கேட்கும் தொகைக்கேற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், அல்லது ஏழை என்று நிரூபித்து அனுமதி பெற வேண்டும். பிறரைக் காப்பாற்றப் போய்ச் செத்தவனின் குடும்பத்துக்குச் சட்டம் வைத்திருந்தது அவ்வளவுதான்.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் செய்தியின் அடிப்படையில் தானாகவே வழக்கை எடுத்தது. அப்போது அதன் தலைவர், வக்கீல் ஃபீஸ் வழக்கில் தீர்ப்பெழுதிய அதே ஆதர்ஷ் குமார் கோயல். முன்னாள் நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு ஒன்று நேரில் ஆராய்ந்தது. உரிமம் பெற்றவர் ஆலையைப் பலருக்குக் குத்தகைக்கு விட்டிருந்த விவரம் வெளியே வந்தது. 2021 ஜூனில் தீர்ப்பாயம் மரணத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்றும், காயத்துக்குத் தீக்காயத்தின் அளவைப் பொறுத்து என்றும் இழப்பீடு நிர்ணயித்தது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17-ஆம் பிரிவிலும் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே கூலி உச்சவரம்பும் இல்லை. ஆணையரின் கணக்கில் அதே ஆண்டு 35 வயதுக்காரருக்கு அதிகபட்சம் 14,77,950 ரூபாய்தான் கிடைத்திருக்கும் என்பதோடு இதை ஒப்பிட வேண்டும். தீர்ப்பாயத்துக்கு இப்படித் தானாக வழக்கெடுக்கும் அதிகாரம் உண்டா என்ற கேள்வியை அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது, உண்டு என்றது.

இருந்தாலும், டெல்லியில் ஒரு நீதிபதியின் கண்ணில் செய்தி படுகிறதா என்பதைப் பொறுத்து விருதுநகர் மாவட்டத்து விதவையின் இழப்பீடு அமையக் கூடாது. இருபது பேர் இறந்தால் தலைப்புச் செய்தி. ஒருவர், இருவர் இறக்கும் விபத்துகள் உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரி. அந்தக் குடும்பங்களுக்குத்தான் வக்கீல் வேண்டும்.

அதற்கான சட்டமும் ஏற்கெனவே இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் தொழிலாளிகளுக்கும் தொழில் பேரழிவில் சிக்கியவர்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமல் இலவச வக்கீலுக்கு உரிமை கொடுக்கிறது. பட்டாசு விபத்தில் கணவனை இழந்த பெண் இதில் ஒன்றுக்கு மேற்பட்ட வகையில் வருகிறார். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் மாவட்ட ஆணைக்குழு ஒரு சிறு பட்டியல் வைத்திருந்தால் போதும்: இழப்பீட்டுச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் பசுமைத் தீர்ப்பாய நடைமுறையும் தெரிந்த ஐந்தாறு வக்கீல்கள், விபத்து நடந்த அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள். போகிறவர் அந்த முதல் நாளில் செய்ய வேண்டியதும் அதிகமில்லை. எஃப்.ஐ.ஆரில் இறந்தவர் பெயரும் அவர் வேலை செய்த அறையும் சரியாகப் பதிவாகியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எண்களை எழுதிக்கொள்ள வேண்டும். கூட வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தை, அவர்களுக்குப் பயம் வருமுன் வாங்க வேண்டும். காசோலையை வாங்கிக்கொள்ளலாம், அது உரிமையை முடிக்காது என்று அந்தக் குடும்பத்திடம் சொல்ல வேண்டும். சட்ட உதவி வக்கீலுக்கு அரசு கொடுக்கும் ஃபீஸ் மிகக் குறைவு என்பதுதான் உண்மையான தடை. வழக்கில் பங்கு கேட்பதைத் தடை செய்த ஒரு நாடு, அந்தத் தடையின் விலையைத் தன் கையிலிருந்து கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையே போகும்போது நேரும் விபத்துக்கும் அது பாதுகாப்பை நீட்டிக்கிறது; அதிகாலையில் ஆலை வேனில் நெருக்கியடித்துப் போகும் பெண்களுக்கு இது உதவும். கூலியில் பாதியை வயதுக்குரிய எண்ணால் பெருக்கும் சூத்திரம் மாறவில்லை. அதற்கு முந்தைய விபத்துகளுக்குப் பழைய சட்டத்தின் 10-ஆம் பிரிவு வைத்த இரண்டாண்டுக் கெடு இருக்கிறது. தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் ஆணையர் மன்னிக்கலாம், ஆனால் அதற்கும் ஒரு மனுவும் அதை எழுத ஒருவரும் வேண்டும். 2025 ஜூலை 1 அன்று சின்னக்காமன்பட்டி ஆலையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு, வேறு வழியில் முறையிட்டிராவிட்டால், அந்தக் கெடு 2027 ஜூலை தொடக்கத்தில் முடிகிறது.